எடை குறைந்தபின் வரும் ஆபத்து

ஆசிரியருக்கு,

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை, சர்க்கரை நோயும் மூட்டுவலியும் தணிவதை நன்றாக விளக்கியது. ஆனால் மதுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில், குடித்த மது வயிற்றில் தங்காமல் விரைவாகக் குடலுக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று உயர்கிறது. முன்பு தாங்கிய அளவே இப்போது தலைக்கேறுகிறது. சாப்பாட்டில் ஆறுதல் தேடிய சிலர், அது முடியாமல் போனதும் மதுவை நாடுவதும் உண்டு.

அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுப் பிரச்சினை, முதல் ஆண்டில் ஏறவில்லை. இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. எடை குறைந்து, ஊரே பாராட்டி, மருத்துவரிடம் போவது குறையும் காலம் அது. விசேஷங்களில் மட்டும் குடித்துவந்த எங்கள் உறவினர் ஒருவர் குடிக்கு அடிமையானதும் அப்போதுதான்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவர்கள் இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். பின்னர் ஒவ்வொரு பரிசோதனையிலும் எடையோடு குடிப்பழக்கத்தையும் விசாரிக்க வேண்டும். சிகிச்சை செய்துகொண்டவர்களே, மதுவைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை