போட்டு கழுவுறதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?

போன வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல நடந்த ஐடியா போட்டியில, "நடமாடும் படகு சுத்தம் செய்யும் சேவை"ன்னு ஒரு திட்டத்தை மேடையில வச்சோம். மூணு பேர் டீம். ஸ்லைடு முடிஞ்சதும் ரெண்டு கேள்வி வந்துச்சு. நடுவர் கேட்டது, "எல்லாம் சரி, இதுல ஆப் எங்கப்பா இருக்கு?" கடைசி வரிசையில இருந்து ஒரு குரல் கேட்டது, "போட்டு கழுவுறதுக்காடா இன்ஜினியரிங் படிச்ச?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஊருக்குப் போற பஸ்ல உக்காந்த பிறகுதான் அந்த ரெண்டாவது கேள்வி உறுத்த ஆரம்பிச்சது. நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்க அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறவர். போட்டு கழுவி, பெயின்ட் அடிச்சு, வலை பின்னி வந்த காசும் சேர்ந்துதான் என் ஃபீஸ் கட்டியிருக்கு.

அதனால இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். இந்தத் தொழிலை நம்மள மாதிரி மாணவர்கள் தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா நாங்க மேடையில காட்டின மாதிரி ஆரம்பிக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

ஐடியா எங்களுக்கு யூடியூப்ல கிடைச்சது. அமெரிக்காவுல, அதுவும் ஃபுளோரிடா மாதிரி இடத்துல, வீட்டுக்கு வீடு சொந்தப் படகு. ஒருத்தர் ஒரு வேன்ல பிரஷர் வாஷர், பாலிஷ் மிஷின், மெழுகு எல்லாம் ஏத்திக்கிட்டுப் படகு நிக்கிற இடத்துக்கே போறார். படகு எத்தனை அடி நீளமோ அதை வச்சுக் கூலி. வெயில்ல வெளுத்துப்போன ஃபைபரின் மேல் பூச்சைத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, மெழுகு பூசிக் கண்ணாடி மாதிரி ஆக்கிடுறார். பார்க்கவே ஆசையா இருந்தது. அதை அப்படியே தூக்கிட்டு வந்து நாகப்பட்டினத்துல வச்சோம். அதுதான் முதல் தப்பு.

அங்க படகு வச்சிருக்கிறவர் ஞாயித்துக்கிழமை உல்லாசமா சுத்தப் போறவர். அவருக்குப் பளபளப்பு வேணும். நம்ம ஊர்ல படகு வச்சிருக்கிறவருக்குப் பளபளப்பால பத்து பைசா லாபம் இல்ல. அவருக்கு வேண்டியது மூணு: டீசல் மிச்சமாகணும், கரையில நிக்கிற நாள் குறையணும், பிடிச்ச மீன் கெடக் கூடாது. படகு சுத்தம்ங்கிறது இந்த மூணையும் தொடுற வேலை. நாங்க அதை அழகு நிலையம் மாதிரி விக்கப் பார்த்தோம்.

கொஞ்சம் டெக்னிக்கலா பார்ப்போம். தண்ணியிலயே நிக்கிற படகோட அடிப்பகுதியில சில நாள்லயே வழவழன்னு ஒரு படலம் வரும். அப்புறம் பாசி. அப்புறம் பார்னக்கிள், அதாவது சின்னச் சின்ன எரிமலை மாதிரி ஓட்டோட ஒட்டிக்கிற உயிரினம். நண்டு, இறால் வகையறாவுக்குச் சொந்தம். சார்லஸ் டார்வின் 1846-ல இருந்து 1854 வரைக்கும் எட்டு வருஷம் இதை மட்டுமே உக்காந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கார்னா பார்த்துக்குங்க. அது சுரக்கிற பசை தண்ணிக்குள்ளயே இறுகிடும். ஒருதடவை ஒட்டிட்டா சுரண்டித்தான் எடுக்கணும்.

அடிப்பகுதி சொரசொரப்பானா உராய்வு கூடும், படகு வேகம் குறையும். குறைஞ்ச வேகத்தை ஈடுகட்ட ஓட்டுறவர் என்ஜினை முடுக்குவார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சதுதான்: தேவைப்படுற பவர் தோராயமா வேகத்தோட மும்மடிக்குப் போகும். 10 சதவீதம் வேகம் கூட்டணும்னா சுமார் 33 சதவீதம் பவர் கூடுதலா வேணும். அதாவது டீசல். பரீட்சைக்கு எழுதி மறந்த அந்த ஃபார்முலாவுக்கான விலையை எங்க ஊர்ல ஒவ்வொரு படகுக்காரரும் பங்க்ல கொடுத்துட்டு வர்றார்.

இனி காலம். கிழக்குக் கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசத்துலதான் படகைக் கரையேத்தி, சுரண்டி, ஓட்டை அடைச்சு, பெயின்ட் அடிச்சு, என்ஜின் பார்த்து இறக்குவாங்க. நமக்கும் அப்பதான் செமஸ்டர் முடிஞ்சு லீவு. போன மே மாசம் நாங்க மூணு பேரும் இறங்கிப் பார்த்தோம். அடுத்தடுத்து மூணு அடி விழுந்தது.

முதல் அடி. கடற்கரையில மணல்ல ஏத்தி வச்சிருந்த ஃபைபர் போட்டுக்காரர்கள்கிட்டதான் போய்ப் பேசினோம், அவங்கதான் சுலபமா கிடைச்சாங்க. ஒரு அண்ணன் சிரிச்சிட்டார். "தம்பி, தினமும் கரை ஏறி வெயில்ல காயுற போட்டுல சிப்பி எங்க ஒட்டும்?" உண்மைதான். பிரச்சினை ஆத்து முகத்துல, துறைமுகத்துல மாசக்கணக்கா தண்ணியிலயே கட்டிக்கிடக்கிற விசைப்படகுக்குத்தான். சொந்த ஊர்லயே யார் கஸ்டமர்னு தெரியாம மேடை ஏறியிருக்கேன்.

ரெண்டாவது அடி தண்ணி. கார் வாட்டர் சர்வீஸ் கடையில வாடகைக்கு எடுத்த வாஷர் நிமிஷத்துக்கு 8 லிட்டர் குடிக்கும். மணிக்கு 480 லிட்டர். ஒரு பெரிய விசைப்படகோட அடிப்பகுதிக்கு அஞ்சு மணி நேரம்னா 2,400 லிட்டர். குட்டி யானையில ஏத்தின 500 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்துல காலி. எங்க ஊர்ல நல்ல தண்ணியே விலைக்கு வாங்குறோம். 1.8 கிலோவாட் மோட்டாருக்குச் சின்ன ஜெனரேட்டர் போதும்னு கணக்குப் போட்டோம், ஸ்டார்ட் ஆகுறப்ப இழுக்கிற கரன்ட்டை மறந்துட்டோம். சுவிட்ச் போட்டதும் ஜெனரேட்டர் முக்கிட்டு நின்னுடுச்சு.

மூணாவது அடிதான் பெரிசு. காஞ்சு இறுகின பார்னக்கிள் தண்ணிக்கு அசையல. ஓடு கால்சியம் கார்பனேட்தானே, ஆசிட் ஊத்தினா கரையும்னு எங்க டீம்ல ஒருத்தன் சொன்னான். கெமிஸ்ட்ரி சரி. பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தினோம். நுரைச்சுக்கிட்டுக் கரைஞ்சது. கூடவே பெயின்ட்டும் போச்சு, சுக்கான் இரும்பும் அரிச்சுப்போச்சு. ஒருத்தனுக்குக் கையில கொப்புளம். படகுக்காரர் கத்தினதுல தப்பே இல்ல. அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடிச்சுக் கொடுத்ததுல எங்க கையில இருந்த காசு மொத்தமும் காலி.

அப்ப பக்கத்துப் படகுல சுரண்டிக்கிட்டிருந்தவர் எங்க தெரு மாமா. அப்பாவோட ஒரே படகுல தொழிலுக்குப் போறவர். தடைக்காலத்துல நாள் கூலிக்குச் சுரண்டுற வேலை. இறங்கி வந்து பார்த்துட்டு, "கரையேத்துன அன்னைக்கே, ஈரம் காயறதுக்குள்ள சுரண்டணும் மாப்ள. காஞ்சா கல்லு"ன்னார். அடுத்த படகுல அவர் முதல்ல சுரண்ட, நாங்க பின்னாடி கழுவினோம். வாஷர் ஓடின நேரம் பாதிக்கும் கீழ. தண்ணியும் பாதி. எங்க ஸ்லைடுல இல்லாத ஒரு இயந்திரம் அவர் கையில இருந்த இரும்புச் சுரண்டி.

சாயங்காலம் டீ குடிக்கிறப்ப அவர்கிட்ட கேட்டேன், "இந்த மிஷின் நல்லா வந்தா உங்களுக்கு வேலை சுலபம்தானே மாமா?"

"சுலபம்தான். முதுகு தப்பிக்கும். நாலு பேர் செய்யிறதை ஒருத்தர் செஞ்சுட்டா, மத்த மூணு பேர் மே மாசத்துல எங்க போறது?"

எனக்குப் பதில் வரல. தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் வருது, உண்மை. அதை மட்டும் வச்சு ரெண்டு மாசம் குடும்பம் ஓடாது, அதுவும் உண்மை. ஜூன்ல பள்ளிக்கூடம் வேற திறக்கும். நாங்க "மனித உழைப்பு மிச்சம்"னு ஸ்லைடுல பச்சைக் கலர்ல போட்டிருந்தோமே, அந்த மிச்சம் யாரோட கூலின்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அது எங்க அப்பாவோட கூலியாவும் இருந்திருக்கலாம்.

அதுக்காக மிஷினே வேணாம்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு அந்த வேலை நடக்கிற விதத்தைப் பாருங்க. பழைய பெயின்ட்டைக் காய்ஞ்ச நிலையில தேய்ச்சுப் பறக்கிற தூசியைத் துண்டை மூக்குல கட்டிக்கிட்டு இழுக்கிறாங்க. பாசி ஒட்டாம இருக்க அடிக்கிற பெயின்ட்ல பெரும்பாலும் செம்புச் சேர்மம்தான் விஷம். ஒரு காலத்துல டிரைபியூட்டைல் டின் கலந்தாங்க. சிப்பி, நத்தை இனங்களையே சீரழிக்குதுன்னு சர்வதேச ஒப்பந்தம் போட்டு 2008-ல தடை அமலுக்கு வந்தது. கடல் உயிரைக் கொல்றதுக்குன்னே செஞ்ச பொருளோட தூசி மனுஷன் நுரையீரலுக்கு நல்லதா இருக்குமா? கழுவி வர்ற சேறு அப்படியே ஆத்துக்குப் போகுது. அதே தண்ணியிலதான் மீன் குஞ்சு வளருது. முறையான மாஸ்க், ஈரமா வச்சுத் தேய்க்கிறது, கீழே தார்ப்பாய் விரிச்சுச் சேத்தைப் பிடிக்கிறது, இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்ல. செய்ய ஆள் இல்ல, அவ்வளவுதான்.

மீன் அறை இன்னும் மோசம். அழுகின மீன் கழிவு தேங்கின மூடின அறையில ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். காத்தை விடக் கனம், அடியிலயே தங்கும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும். அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, ஆள் மயங்கி விழுவார், காப்பாத்த இறங்குறவரும் விழுவார். இறங்குறதுக்கு முன்னாடி ஒரு புளோயரும், வாயு அளக்கிற சின்னக் கருவியும் இருந்தா ஒரு குடும்பம் பிழைக்கும். இன்னொண்ணு, நாங்க செஞ்சிருக்கக்கூடிய முட்டாள்தனம்: ஒரே வண்டியில ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஏத்துறது. ரெண்டும் கலந்தா வர்றது குளோரின் வாயு.

ஆக, ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல சுரண்டுறவங்களோட பேசுங்க, அப்புறம் படகுக்காரரோட. நாலு பேர் குழுவை நாலு பேராவே வச்சுக்கிட்டு, ஒரு படகு செய்யிற நேரத்துல ரெண்டு படகு செய்யுங்க. கூலியில இல்லாம வருமானத்துல பங்கு கொடுங்க. கடல்ல பங்கு முறைதானே நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம், கரையில மட்டும் ஏன் கூலி? படகுக்காரர்கிட்ட "பளபளன்னு ஆக்கித் தர்றோம்"னு சொல்லாதீங்க. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, அதே ஆர்பிஎம், அதே தூரம், எவ்வளவு டீசல்னு அளந்து காட்டுங்க. அந்த ஒரு தாள்தான் உங்க விளம்பரம். அடியில துரு பிடிக்காம இருக்க வச்சிருக்கிற ஜிங்க் கட்டி மேல பெயின்ட் அடிச்சிடாதீங்க, அடிச்சா அது வேலை செய்யாது.

"நடமாடும்"ங்கிற வார்த்தைக்கும் அப்பதான் அர்த்தம் வரும். கிழக்குக் கரையில தடை ஜூன் 14-ல முடியுது. கன்னியாகுமரி மாவட்டத்தோட மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் தடை. நாகப்பட்டினத்துல முடிச்ச வண்டி குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் போகலாம், அங்க இருக்கிறவங்களையும் பங்குல சேர்த்துக்கிட்டு. மத்த மாசங்கள்ல மீன் அறை சுத்தம் இருக்கவே இருக்கு. முதலீட்டுக்கு முத்ரா கடன்ல சிசு பிரிவுலயே 50,000 ரூபாய் வரைக்கும் கிடைக்கும். வாஷர், மாஸ்க், தார்ப்பாய், புளோயர் வாங்கத் தொடக்கத்துக்கு அது போதும்.

இதுல ஆப் எங்கன்னு கேட்ட நடுவருக்கு இப்ப மரியாதையா பதில் சொல்லலாம்: தேவைப்பட்டா அப்புறம் செய்யலாம் சார், எங்க ஊர்ல எந்தப் படகு எப்ப கரையேறுதுன்னு டீக்கடையில கேட்டாலே தெரிஞ்சிடும்.

கடைசி வரிசை நண்பனுக்கு: ஆமாடா, போட்டு கழுவத்தான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், கரோஷன், மோட்டார் ஸ்டார்ட்டிங் கரன்ட், இந்த மூணுல நான் கிளாஸ்ல எடுத்த மார்க் என்னன்னு உனக்கே தெரியும். மூணும் எனக்கு உண்மையா புரிஞ்சது போன மே மாசத்துலதான். வர்ற ஏப்ரல்ல மறுபடி இறங்குறோம். இந்தத் தடவை நாங்க மூணு பேர் இல்ல, ஏழு பேர். மாமா ஏற்கனவே மூணு பேர்கிட்ட சொல்லி வச்சிட்டார். லீவுல சும்மா இருந்தா நீயும் வா, ஜெனரேட்டர் பார்த்துக்க ஒரு ஆள் தேவை.