கமரா வராத மைதானங்கள்: கல்முனைக் கரையோரத்தின் விளையாட்டை யார் காட்டுவது?

2020 இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்ற ஐந்து பெயர்களில் அணிகள் வந்தன. கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஒன்றுகூட இல்லை. 2024 வரையான அடுத்த பருவங்களிலும் இல்லை.

ஓர் ஊரின் பெயர் திரைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே லீக்கில் உதாரணம் உண்டு. யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கினார். 2024 மே மாதம் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்துவீசினார். திறமை அவருடையதுதான். ஆனால் அந்தத் திறமையை வெளியாட்கள் காண ஒரு கமரா தேவைப்பட்டது. கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் பந்துவீசும் பையனுக்கு அந்தக் கமரா எங்கிருந்து வரும்? இந்தக் கரையோரத்தின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நான் கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

அரச தொலைக்காட்சியிடமிருந்து அதை எதிர்பார்ப்பது கடினம். ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையான நேத்ரா, சனல் ஐ உடன் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டது. கிரிக்கெட் நேரலை வந்தால் தமிழ் நிகழ்ச்சிகள் ஒதுங்கி இடம்விட வேண்டும் என்பது தமிழ் நேயர்களின் நீண்டகால முறைப்பாடு. விளையாட்டும் தமிழும் ஒரே கதிரைக்குப் போட்டியிட்டன, எழும்பியது தமிழ்தான். விளையாட்டுக்கென்றே 2011 இல் தொடங்கிய சி.எஸ்.என். தனியார் அலைவரிசை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசியது. ராஜபக்ச குடும்பத்துடன் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட அது, 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் விசாரணைகளில் சிக்கியது. அதிகாரத்தின் நிழலில் வளர்ந்த திரை அதிகாரத்தோடு சேர்ந்தே தள்ளாடியது.

தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று இந்த இடைவெளியை நிரப்ப முயன்றதும் உண்டு. 2018 இல் ஐ.பி.சி. தமிழ் முன்னின்று நடத்திய வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் உதைபந்தாட்டத் தொடரில் அம்பாறையின் பெயரிலும் ஓர் அணி ஆடியது: அம்பாறை அவெஞ்சர்ஸ். போட்டியைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், காட்டுவதற்கான போட்டியையே ஓர் ஊடகம் உருவாக்கியது அங்கே கவனிக்க வேண்டியது. யுத்தத்தால் சிதறிய மாவட்டங்களின் பெயர்கள் ஒரே புள்ளிப் பட்டியலில் வந்தன. அந்தப் பட்டியலின் அர்த்தம் பெரியது.

இந்தியாவில் இதுவே பெரும் வணிகமானது. 2014 இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் முதல் பருவத்தை 43 கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததாக அளவீடுகள் சொல்லின. மண் களத்து ஆட்டத்தை மெத்தைக்கும் வெளிச்சத்துக்கும் கொண்டுவந்தது தொலைக்காட்சி. 2017 இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. அதே ஆண்டு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசையும் வந்தது. நிந்தவூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேசிய கபடி அணிக்கு வீரர்களைக் கொடுத்த ஊர் அது. ஆனால் அந்த வீரர்கள் வளர்ந்த ஆட்டங்களை அவர்களுடைய ஊரைத் தாண்டி எத்தனை பேர் பார்த்திருப்போம்?

சரி, எமக்கென ஒரு விளையாட்டு அலைவரிசை தொடங்கினால் போதுமா? அமெரிக்காவைப் பாருங்கள். ஒவ்வொரு பிராந்தியத்தின் அணிகளுக்கும் தனி விளையாட்டு அலைவரிசைகள் அங்கே பல்லாண்டுகளாக இயங்கின. ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் கேபிள் கட்டணத்தில் அவற்றுக்குப் பங்கு கட்டினார்கள். மக்கள் கேபிள் இணைப்பைக் கைவிடத் தொடங்கியதும் அடித்தளம் ஆடியது. அவற்றில் பலவற்றை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் சான்டியாகோ பாட்ரெஸ் பேஸ்போல் அணியின் ஒளிபரப்பை லீக்கே பொறுப்பேற்க நேர்ந்தது. ஒரே பணப்பையை நம்பிய உள்ளூர் ஒளிபரப்பு அந்தப் பை கிழிந்ததும் விழும். பணக்கார நாட்டுக்கே இதுதான் நிலை.

எங்கள் கரையோரத்தில் பணப்பையே இல்லை. ஆனால் கைத்தொலைபேசி இருக்கிறது. மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டியோ உதைபந்தாட்ட இறுதிப்போட்டியோ நடந்தால் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் பேஸ்புக் நேரலை செய்கிறார். கட்டார், சவூதி அறைகளில் வேலை முடிந்து படுத்திருக்கும் ஊர்க்காரர்கள் அதில் சலாம் சொல்லி, "மச்சான், ஸ்கோர் என்ன?" என்று கேட்கிறார்கள். வர்ணனையில் எங்கள் பேச்சுத்தமிழ் கூச்சமில்லாமல் ஒலிக்கிறது. கொழும்பு ஸ்டூடியோ எதுவும் இதைத் தந்ததில்லை.

ஆனால் நான் பார்த்த இத்தகைய நேரலைகள் பெரும்பாலும் ஊரின் எல்லையோடு முடிகின்றன. மருதமுனைப் பக்கம் மருதமுனைக்கு, பாண்டிருப்புப் பக்கம் பாண்டிருப்புக்கு. பிரதான வீதியில் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு இருக்கிறது. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர். பஸ்ஸில் சில நிமிடங்களில் மூன்றையும் கடக்கலாம்; திரையில் கடப்பதில்லை.

இந்தப் பிரிவுக்கு வரலாறு உண்டு. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக ஒரு தரப்பு உண்ணாவிரதம் இருந்தது, மறுதரப்பு எதிர்ப்பில் அமர்ந்தது. ஒரு உதைபந்தாட்ட நேரலை இதை ஆற்றிவிடும் என்று சொன்னால் அது பொய். விளையாட்டுக் களத்தில் சண்டை மூண்ட நாட்களையும் நாம் அறிவோம். ஆனால் எதிரணிக் கோல்காப்பாளரின் பெயரைத் தெரிந்துகொள்வதும் ஒருவகை அறிமுகம்தான். அரசியல் மேடைகளிடமிருந்து அதுகூடக் கிடைப்பதில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான கழகங்கள் ஒரே போட்டி அட்டவணையும் ஒரே நேரலைப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம். வர்ணனைக்கு இரு ஊர்களிலிருந்தும் ஒவ்வொருவர் அமரலாம். புள்ளி விபரங்களும் காணொளிகளும் ஒரே இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். தேர்வாளரிடம் ஒரு வீரர் காட்டுவதற்குச் சான்று வேண்டுமே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே உழைக்க மாணவர்கள் இருக்கிறார்கள். அனுசரணையை ஒரு அரசியல்வாதியிடமோ ஒரு தனவந்தரிடமோ மட்டும் வாங்காமல் இருபது கடைகளிடம் சிறிது சிறிதாக வாங்கலாம். ஒருவர் விலகினால் கமரா அணையாது.

பெண் பிள்ளைகளின் போட்டிகளை எப்படிக் காட்டுவது, காட்டுவதா என்பதை அவர்களும் பெற்றோரும் பாடசாலைகளும் பேசி முடிவெடுக்கட்டும். ஆனால் அவர்கள் வென்ற செய்தியாவது அந்தப் பக்கத்தில் வரவேண்டும்.

2004 சுனாமியில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அப்போது உலகக் கமராக்கள் எங்கள் கரைக்கு வந்தன. குண்டு வெடித்தாலும் வருகின்றன. எங்கள் பிள்ளைகள் ஓடி, பாய்ந்து, வெல்வதை எடுக்க அவை வரப்போவதில்லை. அதை எடுக்கும் கமரா எங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பக்கத்து ஊர் மைதானத்தின் பக்கமும் திருப்புவோமா என்பதே மிஞ்சியிருக்கும் கேள்வி.