மண் கோட்டையும் நினைவுக் கோட்டையும்



பள்ளி விடுமுறையில் நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளை ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துச் செல்வதுண்டு. சாத்தான்குளத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கோட்டை வாயிலைக் கண்டதும் பிள்ளை கேட்கும்: "கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை இதுதானா?" "ஆம்" என்று சொல்லிவிட்டு நடப்பவர்களே மிகுதி. அந்த விடை சரியன்று.

இன்று அங்கே கம்பீரமாக நிற்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனின் கோட்டையோ மண்ணால் ஆனது. 1799 செப்டம்பரில் கும்பெனிப் படை அதனைத் தாக்கியது. அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், கோட்டை இடிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, மக்களின் துணைகொண்டு சில நாட்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் இறுதியில் அதனைத் தாக்கிய கும்பெனிப் படை தோற்றுப் பின்வாங்கியது. மே 24ஆம் நாள்தான் கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் அதனைத் தரைமட்டமாக்கினர்.

எண்ணிப் பாருங்கள்! அந்த ஊரில் கோட்டை இருமுறை மீண்டும் எழுந்திருக்கிறது. முதல்முறை எழுப்பியவர்கள் அதைக் காக்க உயிர் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, அவர்களை மறவாதிருக்க நாம் எழுப்பினோம். நினைவுச் சின்னம் எழுப்புவது தவறன்று, அது நன்றிக்கடன். ஆனால் நகலையே அசல் என்று நம்பவிட்டால் ஒரு தீங்கு நேர்கிறது. முழுமையாக நிற்கும் கோட்டையை மட்டும் கண்டு திரும்பும் பிள்ளை, அந்நியர் அதை மண்ணோடு மண்ணாக்கிய கொடுமையை அறியாமலே போய்விடும். இழப்பை அறியாதவனுக்கு விடுதலையின் விலை எப்படித் தெரியும்?

ஆகவே, பெற்றோர்களே! நினைவு மண்டபத்தின் சுவரோவியங்களைக் காட்டுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழைய கோட்டையின் எச்சங்களையும் காட்டுங்கள். அருகிலுள்ள ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகளையும் காட்டுங்கள். அந்த மண் சுவரை வீழ்த்த அவர்கள் கொடுத்த விலைக்கு அவையே சாட்சி.

"இது நாம் கட்டியது, அது அவர்கள் காத்தது" என்று பிரித்துச் சொல்லுங்கள். வரலாறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பதே நாட்டுப்பற்றின் முதற்பாடம்.