குளத்தை மறந்து கிணற்றை ஆழமாக்குவதா?

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் ஊர்ச் சங்கங்கள் கூடும்போதெல்லாம் தவறாது எழும் கோரிக்கை குடிநீர் பற்றியது. தீவகத்துக் கிராமங்களில் கோடை பிறந்ததும் குடங்களோடு பவுசர் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் நிலை இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதைக் கேட்டு நாம் வாளாவிருப்பதில்லை. பணம் சேர்க்கிறோம், குழாய்க்கிணறு தோண்டுகிறோம், மின்பம்பி பூட்டுகிறோம், உபயகாரர் பெயரைக் கல்லிலே பொறிக்கிறோம். அந்தப் பணம் நன்னீரைக் கொடுக்கிறதா, உப்பை மேலே இழுக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறோமில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே நமது முதல். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கனம் குறைந்த காரணத்தால், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இறைத்து இறைத்து அந்த ஓரடியை இழந்தாலோ, காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நம்மவரில் அறியாதார் எவர்? துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

நம் முன்னோர் இக்கணக்கை நூலிற் கற்றவரல்லர். ஆயினும் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டினர். குளம் மாடு குளிப்பாட்ட மட்டுமன்று; மாரிநீரைக் கடலுக்கு ஓடவிடாது மறித்து நிலத்துக்குள் இறக்கும் வாயில் அது. 1990களில் மக்கள் இடம்பெயர்ந்தபின் பராமரிப்பாரின்றிப் பல குளங்கள் தூர்ந்தன. வாய்க்கால்களைப் பற்றை மூடிற்று. வாய்க்காலை மறித்து மதில் எழுப்பியோரும் உளர். அம்மதிலுக்கும் வெளிநாட்டுக் காசு போயிருக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் போதுமே என்பர் சிலர். உவர் ஏறிவிட்ட ஊரில் இன்றைய தாகத்துக்கு அது வேண்டியதே, மறுக்கோம். ஆனால் அதன் மென்சவ்வைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும். மின்கட்டணம் மாதந்தோறும் வரும். எஞ்சும் உப்புநீரைத் தரையில் விட்டால் அது அதே கிணற்றுக்கே திரும்பும். திறப்புவிழாவுக்குச் செலவிடும் சங்கம் அடுத்த மென்சவ்வுக்குப் பணம் ஒதுக்கியதுண்டா? 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 2 கோடி 40 இலட்சம் லீற்றர் தர வல்லது. நல்லதே. ஆனால் படகிலன்றிப் போக வழியில்லாத நெடுந்தீவைப் போன்ற ஊர்கள் அதை நம்பிக் குளத்தைக் கைவிடலாகாது.

ஆகவே சங்கங்களிடம் நாம் வேண்டுவது இது. இவ்வாண்டு சேரும் பணத்தில் முதற்பங்கு குளம் தூர்வாரவும் வாய்க்கால் திறக்கவும் செல்லட்டும். இன்னொரு பங்கை வங்கியிலிட்டு, அதன் வட்டியில், மதகையும் குளக்கட்டையும் பார்த்துக்கொள்ள ஊரவர் ஒருவருக்கு ஊதியம் கொடுக்கலாம். பெயர்க்கல் வேண்டுமெனில் குளக்கட்டிலும் நடலாம். தூர்வாருகிறோமென்று அளவுமீறித் தோண்டிவிடவும் கூடாது. கடலோரத்தில் அவ்வாறு தோண்டினால் குளமே உவராகும். பழைய தரை எதுவென்று ஊரிலுள்ள முதியோரைக் கேட்டறிதல் நன்று. வேலை புரட்டாதிக்குள் முடியவேண்டும். அதற்குப் பணம் ஆனி மாதத்துக்குள் ஊர் போய்ச் சேரவேண்டும்.