எல்லாத்துக்கும் 200 போடாதீங்கடே!

"பிளஸ் டூ முடிச்ச பய அண்ணாச்சி. இவனுக்கெல்லாம் இந்த வெப் சர்வீஸ் எழுதுறது வருமா? பேசாம கடன வாங்கி சென்னையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல தள்ளிரலாம்லா?"

போன சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ தென்காசி டீக்கடையில சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டது. பையன் பக்கத்துலயே தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கான். எனக்கு டீ இறங்கல. அதான் மக்களே இந்தப் பதிவு.

முதல்ல அந்த "வருமா?"வுக்குப் பதில். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019ல. அதுக்கும் எட்டு வருஷம் முன்னாடியே, 2011ல, பக்கத்துல மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் வந்தாச்சு. உலகம் பூரா கம்பெனிகள் வாங்குற ஜோஹோ டெஸ்க் பெரும்பாலும் வளர்ந்தது அங்கதான். பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களுக்கு ஃபீஸ் வாங்காம, மாசாமாசம் உதவித்தொகையும் குடுத்து அவங்க நடத்துற பள்ளிக்கூடம் தென்காசியிலயும் இருக்கு. ஆக, வரும். அதுல சந்தேகமே வேண்டாம்.

என் சண்டை அது இல்ல. "எப்படிக் கத்துக்குடுக்கறோம்"ங்கறதுதான் சண்டை.

என் கதையவே சொல்றேன். 2008ல ஒரு காலேஜ்ல (பேரு வேண்டாம்) வெப் சர்வீஸ் ஒரு பேப்பர். சோப், விஸ்டில், யூடிடிஐ. முக்கோணம் போட்டு, அம்புக்குறி போட்டு, 16 மார்க். நல்லாவே வரைஞ்சேன், நல்ல மார்க்கும் வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த யூடிடிஐக்கு ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூணும் நடத்துன பொதுப் பதிவேட்ட 2006 ஜனவரியிலயே இழுத்து மூடிட்டாங்கன்னு. செத்தவனுக்கு ஜாதகம் எழுதிட்டு இருந்திருக்கோம்! அந்த நாலு வருஷத்துல ஒரே ஒரு ரிக்வெஸ்ட் கூட நாங்க அனுப்பிப் பாக்கல.

இப்ப நிலைமை மாறிடுச்சுன்னு சொல்வீங்க. மாறல, வேஷம்தான் மாறியிருக்கு. "45 நாளில் வெப் டெவலப்பர்"னு போர்டு மாட்டியிருக்காங்க. பாத்து டைப் அடி, ரன் பண்ணு, திரையில ஏதோ வந்துச்சா, முடிஞ்சுது. அப்படிப் படிச்சுட்டு வர்ற பசங்க எழுதுன சர்வீஸ தினமும் பாக்கறேன். டேட்டாபேஸ் படுத்துடுச்சா? 200. கேட்ட பொருளே இல்லையா? 200. லாகின் பண்ணலையா? அதுக்கும் 200, உள்ள பொடி எழுத்துல "எரர்"னு ஒரு வரி.

200ன்னா என்னன்னு அந்தப் பையன்கிட்ட சொன்ன மாதிரியே சொல்றேன். செங்கோட்டை பக்கம் பார்டர் புரோட்டா கடைக்குப் போறோம். நாம கேக்கறது ரிக்வெஸ்ட், சப்ளையர் சொல்றது ரெஸ்பான்ஸ். இலையில புரோட்டா விழுந்தா அது 200. "அப்படி ஒரு ஐட்டமே இங்க கிடையாதுங்க"ன்னா 404. "கேட்டது புரியலியே"ன்னா 400. "அடுப்பு மக்கர், கொஞ்சம் கழிச்சு வாங்க"ன்னா 503. எதக் கேட்டாலும் "இந்தா வருது, இந்தா வருது"ன்னு சொல்லிட்டு ஒண்ணுமே கொண்டுவராத சப்ளையர் ஒருத்தர் இருப்பாரே? அவர்தான் எல்லாத்துக்கும் 200 போடுற புரோகிராமர்.

சிரிக்காதீங்க, இனிமேதான் விஷயம்.

பையனுக்கு ஒரு வேலை குடுத்தேன். குற்றாலத்துல எந்த அருவியில இப்ப குளிக்கலாம்னு சொல்ற ஒரு குட்டி சர்வீஸ். பிரேம்வொர்க் கிடையாது. கர்ல்ல கேக்கணும், ஜேசன்ல பதில் வரணும். ரெண்டு நாள்ல எழுதிட்டான். அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி: "மாமா, மெயின் அருவியில குளிக்கத் தடைன்னா என்ன கோடு அனுப்ப?"

200தான்டே. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் உன்கிட்ட இருக்கு, அது "தடை". ஐந்தருவி பத்திக் கேட்டா பதில் சொல்லு, ஆறருவின்னு கேட்டா 404. ஆனா தகவல் தர்ற இடத்துல லைன் கட்டாகி மூணு மணி நேரமாச்சுன்னா? பழைய "குளிக்கலாம்"மையே 200 போட்டு அனுப்புவியா?

அவன் கொஞ்ச நேரம் பேசல. ஏன்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. 2024 மே 17, பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருத்தன அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஒரு வெப் சர்வீஸ் இருந்திருந்தா பொழச்சிருப்பான்னு நான் சொல்ல வரல, அது அபத்தம். ஆனா மலையில மழை பெஞ்சா கீழ நிமிஷத்துல எல்லாம் மாறுற ஊர்ல, "தெரியாது"ங்கறதும் ஒரு பதில். அதுக்குத்தான் 503னு ஒண்ணு வச்சிருக்காங்க. எப்ப மறுபடி கேக்கணும்னு சொல்லக்கூட அதுல இடம் இருக்கு. "இது எத்தனை மணி நிலவரம்"னு ஒவ்வொரு பதில்லயும் நேரத்தையும் சேத்துட்டான் பய. நான் சொல்லல, அவனாவே.

16 மார்க்ல இது வருமா? 45 நாள்ல வருமா?

"இப்பதான் ஏஐயே கோடு எழுதித் தருதே"ன்னு சிலர் வருவீங்க. தரட்டும், நானும் வாங்கிக்கறேன். ஆனா அது தர்ற கோடு 200 அனுப்புதா 503 அனுப்புதான்னு பாக்கத் தெரியணும்லா? பாக்கத் தெரியாதவனுக்கு வேகமா தப்பு பண்ண ஒரு மெஷின் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

"ஜோஹோ பாத்துக்கும்"னு சொல்றவங்களுக்கு: ஒரு கம்பெனி ஒரு மாவட்டத்துக்கே வாத்தியார் ஆக முடியாது. அந்த வாசலுக்கு வெளிய நிக்கற பசங்கதான் அதிகம். அவங்களுக்கு நாமதான் எழுதணும். கவித, சினிமா விமர்சனம்னு எழுதித் தள்றோமே, மாசம் ஒண்ணு, நமக்குத் தெரிஞ்ச தொழில்ல ஒரு விஷயத்தத் தமிழ்ல, பொழங்குற தமிழ்ல, எழுதுனா கொறஞ்சா போயிடுவோம்?

அந்த மாமாகிட்ட கடைசியா சொன்னேன்: "கடன் வாங்காதீங்க. முதல்ல ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் குடுங்க." முறைச்சுட்டுப் போனார். போன வாரம் வாங்கிக் குடுத்துட்டாராம்!

டிஸ்கி: நான் ஜோஹோவுல வேலை பாக்கல, ஷேரும் கிடையாது. 45 நாள் கோர்ஸ் நடத்துற அண்ணாச்சிகள் ஆட்டோ அனுப்பிடாதீங்க, வழியில தண்ணி நிறைய விழுது.