மாலை மணமகனுக்கா? கடவுச்சீட்டுக்கா?

வில்லியனூர்ப் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் பெண்கொடுப்பார் பேச்சைச் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். மணமகன் ஒழுக்கமுடையவனா, உழைப்பாளியா, குடியாதவனா என்னும் வினாக்கள் பல வீடுகளில் பின்தங்கிவிட்டன. "மாப்பிள்ளைக்கு நேசனாலிட்டி உண்டா?" என்பதே முதல் வினா! பிரஞ்சுக் குடியுரிமையைத்தான் நம்மவர் அவ்வாறு வேற்றுச் சொல்லால் வழங்குகின்றனர். உண்டென்று விடை வந்தால் போதும்; அகவை வேறுபாடு மறைந்துபோகும்; முன்பின் அறியாமை மறந்துபோகும்; ஏரிப் பாய்ச்சல் நன்செய் விலைக்கு வந்துவிடும். குடியுரிமையுள்ளவள் பெண்ணாயின், அவளை மணப்பதற்கு இளைஞன் வீட்டாரே பொருள்கொட்ட அணியமாய் நிற்கின்றனர். மாலை விழுவது மாந்தன் கழுத்திலா, கடவுச்சீட்டின் மேலா?

இவ்விழிவு எந்த மண்ணில் நிகழ்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரிலேதான் 1954 அக்தோபர் 18-ஆம் நாள் மக்கட் பேராளர் 178 பேர் கூடினர். அவருள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகசுட்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. இம்மண்ணிற் பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் பிரஞ்சுக் குடிகளாகவே நிற்க விரும்பின், ஆறு திங்களுக்குள் எழுத்தில் அறிவிக்கலாம் என்றது அவ்வொப்பந்தம். படைப்பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா'க்களும் பிறரும் எழுதிக் கொடுத்தனர். மக்களுள் மிகப் பெரும்பாலார் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று அத்தாளைப் பொருட்படுத்தாதவர்தம் பேரப்பிள்ளைகள், இன்று அத்தாளுக்காகத் தாலி கட்டுகின்றனர்!

அத்தாள்தான் எளிதில் கிட்டுவதா? மணத்திற்கு முன்பே தூதரகத்தில் மணத்தகுதிச் சான்று வேண்டி விண்ணப்பித்தல் வேண்டும். இருவரையும் தனித்தனியே அமர்த்தி அதிகாரிகள் உசாவலாம். மணம் முடிந்தபின் அதனைப் பிரஞ்சுக் குடிநிலைப் பதிவேட்டில் ஏற்றுதல் வேண்டும். அதன் பின்னரே 'விசா' எனப்படும் நுழைவிசைவு. அதுவும் முதற்கண் ஓராண்டுக்கே. குடியுரிமை கேட்கவோ, மணமாகி நான்காண்டேனும் கழிய வேண்டும். இசைவுக்காகவே செய்த பொய்ம்மணம் என்று மெய்ப்பிக்கப்படின், ஐந்தாண்டுச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் விதிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. தரகர்கள் இவற்றையெல்லாம் பெண்ணைப் பெற்றவரிடம் சொல்கின்றனரா?

இன்னுமொன்று கேளுங்கள். இல்லறம் முறியுமாயின் வாழ்விசைவும் முறியலாம். எனவே, கணவன் கையில் இருப்பது மனைவியின் கைமட்டுமன்று. அவள் அந்நாட்டில் நிற்கும் உரிமையும் ஆகும். கொடுமைக்கு ஆளாகிப் பிரிந்தவளுக்கு அச்சட்டமே காப்பும் தருகின்றது. ஆனால், பாரிசு நகரத்துப் புறம்பாடியில் நான்காம் மாடியில் அடைபட்ட பாகூர்ப் பெண், அக்காப்பை யாரிடம் சென்று, எம்மொழியில் கேட்பாள்? மொழியறியாதவளுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததே. நாம் நெஞ்சு பதைத்துச் சொல்வது இதனைத்தான்.

"இங்கே வேலையில்லை, வயிற்றுப்பாட்டுக்கு என் செய்வது?" என்பர் சிலர். உண்மையே. கடல் கடந்து உழைப்பதை நாம் பழிக்கவில்லை. இருவர் உள்ளம் ஒன்றி மணந்து எந்நாட்டில் வாழினும் வாழ்த்துகின்றோம். உள்ளம் ஒன்றாவிடத்துத் தாளை ஒட்டுகின்ற வணிகத்தையே பழிக்கின்றோம். நிலத்தையும் விற்று, மகளையும் ஒப்படைத்து, அதனை நல்வாழ்வு என்று பெயரிட்டழைக்கும் மயக்கத்தையே சாடுகின்றோம்.

இனி, அயலார் தம் வாயிலில் நின்று என்ன கேட்கின்றனர் என்று பாருங்கள். வாழ்க்கைத்துணையாய் வருவோர் புறப்படுமுன்னரே தம் மொழியில் தேர வேண்டுமென நெதர்லாந்து 2006-இலும், செருமனி 2007-இலும், பிரித்தானியா 2010-இலும் விதி செய்தன. பிரான்சோ, வந்திறங்கியவரிடம் இணைவு உடன்படிக்கையில் கையொப்பம் வாங்கி மொழிவகுப்பில் அமர்த்துகின்றது. குடியுரிமை வேண்டுவோர்க்கு ஆறு படிகளுள் மூன்றாம் படியாயிருந்த பிரஞ்சுத் தேர்ச்சியை, 2026 சனவரி முதல் நான்காம் படியாக உயர்த்தியும் விட்டது. கணவனோடு வாழ வருபவளைத் தேர்வெழுது என்பது ஏழைக்குக் கடுமையே. எனினும், தம் மொழியறியாமல் தம் மண்ணில் ஒருவர் வாழ்தல் ஆகாது என்று அவர்கள் கருதுகின்றனரே, அவ்வுணர்வில் நூற்றில் ஒரு கூறு நமக்குண்டா?

பிரஞ்சுக்காரன் வெளியேறும்போதும் தன் மொழியை மறந்தானில்லை. மக்கட் பேராளர் வேறுமுடிவு செய்யும்வரை பிரஞ்சே ஆட்சிமொழியாய் நீடிக்கும் என்று ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவில் எழுதி வாங்கினான். நாமோ 1965-இல் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் செய்தும், ஆங்கிலத்துக்குப் பின்வாயிலைத் திறந்தே வைத்தோம். அங்கே வாழப் போகும் பெண் பிரஞ்சு கற்கிறாள். இங்கே வாழ வருபவன் தமிழ் கற்க வேண்டுமென்று கேட்பாரில்லை!

பெயரையும் இழந்த வரலாறு நமக்குண்டு. 1881 செபுதம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படித் தம் குடிவழக்கைத் துறந்தோர் புதிய குடிப்பெயர் பூண்டனர். அவர்க்கு முன்னோடியாய் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்து' என்று பெயர் கொண்டார். 'கதவு' என்பது அதன் பொருள். சாதித்தளை அறுமென நம்பிப் பெயர் துறந்தாரும் அவருள் உண்டு. அவர்தம் துயரை நாம் இகழோம். ஆயினும், அக்கதவு வழியே சென்றோர் வழிவந்தவருள் எத்துணைப் பேர் இன்று தமிழில் தம் பாட்டியோடு பேச வல்லார்?

ஆகவே, தமிழ்ப் பெற்றோரே! மகளைக் கொடுக்குமுன் மணமகனை ஆய்ந்து அறியுங்கள். அவன் கடவுச்சீட்டை அன்று. குடியுரிமைக்கு விலை கேட்பவனுக்கு வாயிற்படியைக் காட்டுங்கள்.

மணந்து செல்லும் பெண்ணே! உன் கடவுச்சீட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். அந்நாட்டு மொழியை இசைவுக்காக மட்டுமன்றி, உன் உரிமையைக் கேட்டுப் பெறும் அளவுக்குக் கற்றுக்கொள். அங்கே பிறக்கும் குழந்தைக்குத் தூய தமிழ்ப் பெயர் சூட்டு. பதிவேட்டில் பிரஞ்சு எழுத்தில் எழுதினும், எழுதப்படுவது தமிழாயிருக்கட்டும். வீட்டுக்குள் தமிழே பேசு. அதற்கு எந்தத் தூதரகத்தின் இசைவும் வேண்டா.

அயலான் வாயிலில் மொழித்தேர்வு எழுதும் தமிழனே! உன் வாயிலில் உன் தாய் காத்து நிற்கின்றாள். அவள் மொழியில் நீ தேறினாயா?