வரப்பு மரத்துத் தூளி

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த நாளிலிருந்து தஞ்சைச் சீமையின் பஞ்சாங்கத்தில் ஒரு புதுப் பண்டிகை சேர்ந்தது. ஜூன் 12 அது. அணை திறக்கும் வழக்கமான தேதி. தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்காலில் இறங்கியதும் ஊர் மாறிவிடுகிறது. விடிவதற்குள் அடுப்பு எரிகிறது. தூக்குவாளியில் சோறு ஏறுகிறது. பெண்கள் கூட்டமாக நடவுக்குப் புறப்படுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாயின் இடுப்பில் கைக்குழந்தை இருக்கிறது. வரப்போரத்துப் பூவரச மரத்தில் பழம் புடவையால் தூளி கட்டி, குழந்தையை அதில் போட்டுவிட்டு அவள் சேற்றில் இறங்குகிறாள். தூளியை ஆட்ட ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

இந்தக் காட்சியைப் படம் எழுதியவர்கள் உண்டு; பாட்டு எழுதியவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தூளியில் கிடப்பது ஓர் உயிர். வெயில் திரும்பினால் முகத்தில் அடிக்கிறது. பக்கத்திலே வாய்க்கால் ஓடுகிறது. பசித்து அழுதால் தாய் நடு வயலில் குனிந்திருக்கிறாள். பால் கட்டிக்கொண்டு அவளுக்கு மார்பு வலிக்கிறது. நடவு வரிசையை விட்டு ஒருத்தி மட்டும் அடிக்கடி கரையேறினால் கூட நடுகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் வேறு.

இன்று நாம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. அந்தத் தூளியை மரத்திலிருந்து அவிழ்த்து ஒரு கூரையின் கீழே கட்ட நம்மால் முடியாதா?

ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டோம்

நம்முடைய ராஜ்யம் தாய்மாருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். ஒரு காலத்தில் பிரசவம் என்றால் மறுபிறப்பு என்றார்கள். இருட்டறையும் மருத்துவச்சியின் கைராசியுமே துணை. இன்று தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அதை நூற்றுக்கு 99.6 என்று சொல்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை தமிழ்நாட்டில் 13. இந்தியா முழுவதற்கும் 28.

இது தானாக வந்ததல்ல. சிக்கலான பிரசவம் என்றால் தஞ்சை இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற தைரியம் கிராமத்துக்கு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கு வருகிறார். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். புதுக்கோட்டையில் பிறந்து, பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில், ஏழைத் தாய்மாருக்கு மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் வந்தது. சில நூறு ரூபாயில் தொடங்கிய அது 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. அதில் 14,000 ரொக்கம். மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகம்.

எல்லாம் சரி. ஆனால் குழந்தையோடு தாய் வீடு திரும்பிய பிறகு?

இரண்டு வயது வரை யார் துணை?

பால்வாடி என்று ஊரில் சொல்லுகிற அங்கன்வாடியிலே குழந்தையைச் சாதாரணமாகச் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். அதற்கு முன்பு ஆறாம் மாதத்திலிருந்து சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்கிறது. நல்ல மாவுதான். ஆனால் மாவு தானாகக் கஞ்சியாகிக் குழந்தையின் வாயில் இறங்குவதில்லையே! ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அதன் வயிறு சிறியது. காலை பத்து மணிக்கு அதை ஊட்டுவது யார்? தாய் வயலில் இருக்கிறாள்.

கணக்கெடுப்பு சொல்லும் இன்னொரு சேதியையும் கேளுங்கள். அதே தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றையே கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். அப்படிக் கிடைப்பது நூற்றுக்கு 55 குழந்தைகளுக்குத்தான். இதற்குக் காரணங்கள் பல. தாய் பக்கத்தில் இருக்க முடியாமல் போவதும் அவற்றில் ஒன்று.

சித்திரையில் பிறந்த குழந்தைக்கு ஆடியில் மூன்று மாதம். ஆடியிலே வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் உள்ள தாய்க்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுமுறை. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நடவு நடுகிற தாய்க்கோ அந்த 14,000 ரூபாய். ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 78 ரூபாய்கூட ஆகாது. அவள் வீட்டில் உட்கார முடியுமா?

தேயிலைக்கு உண்டு, நெல்லுக்கு இல்லை

வேலை செய்யும் தாயின் குழந்தைக்கு இடம் வேண்டும் என்பதைச் சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்டது. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் அதையே சொன்னது. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம்கூட, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை விட வேண்டும், அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியது.

நெல் வயல் மட்டும் விட்டுப்போயிற்று. ஏன்? ஆலைக்கு ஒரு முதலாளி. தோட்டத்துக்கு ஒரு துரை. நடவுக்குப் போகிறவள் இன்றைக்கு ஒருவர் வயலில், நாளைக்கு வேறொருவர் வயலில். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவரிடம் போய்க் குழந்தைக் காப்பகம் கட்டு என்றால் அவர் எங்கே போவார்? அவரே கடனில் நாற்று விட்டவர். அவர் மீது பழி போடுவது நியாயமில்லை.

ஆகவே இது ஊரின் பொறுப்பு, சர்க்காரின் பொறுப்பு.

"இப்போதுதான் நடவு இயந்திரம் வந்துவிட்டதே, நேரடி விதைப்பு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இது?" என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் வந்தது மெய். ஆனால் களை எடுக்க, விட்டுப்போன இடத்தில் நாற்று ஊன்ற இன்னும் பெண்ணின் கைதான் வேண்டியிருக்கிறது. உள்ளூரில் வேலை குறையக் குறைய, வேலை கிடைக்கும் இடம் தேடித் தூரம் போக வேண்டிவரும். தூரம் போகிறவள் தூளி கட்டவும் முடியாது. நடுவிலே ஓடிவந்து பால் கொடுக்கவும் முடியாது.

"வீட்டில் பாட்டி இல்லையா?" என்பார்கள். பாட்டியும் நடவுக்குப் போகிறாள்! போகாத பாட்டிக்கோ, தவழ்கிற குழந்தையின் பின்னால் ஓட முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

செய்ய வேண்டியது

புதிய கட்டடம் வேண்டாம். புதிய இலாகாவும் வேண்டாம். ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. அதிலே ஒரு பகுதியைக் கைக்குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். நடவுக்குப் போகிறவள் விடிந்ததும் கிளம்புகிறாள். அங்கன்வாடி அதற்குப் பிறகுதான் திறக்கிறது. ஆகவே குறுவை, சம்பா வேலைக் காலங்களில் மட்டுமாவது அதை விடியற்காலையில் திறக்க வேண்டும். ஏற்கெனவே சமையல், பாடம், பதிவேடு என்று திணறும் ஊழியர் தலையில் இதையும் கட்டக் கூடாது. கைக்குழந்தைகளுக்கென்றே உள்ளூர்ப் பெண்களைத் தனிச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். புதன்கிழமை வருகிற செவிலியர் அங்கேயே எடை பார்த்துவிடலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தையின் தாய்க்கு உதவித் தொகையை உயர்த்த வேண்டும். வயலுக்குரியவர்களும் ஒன்று செய்யலாம். பால் கொடுக்கும் தாய் இரண்டு தடவை கரையேறினால் கூலியில் பிடிக்காமல் இருக்கலாம்.

மத்திய சர்க்காரின் 'பால்னா' திட்டத்தில், அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகத்துக்கு 2022 முதல் இடம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் அதில் சேரலாம். கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி.

நடக்காத காரியமா இது? நம்மைப் போலவே நெல்லும் நீரும் நிறைந்த வங்காள தேசத்தைப் பாருங்கள். தாய்மார் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் குழந்தைகள் குளம் குட்டையில் விழுந்து இறப்பதைத் தடுக்க, கிராமத்து வீடுகளிலேயே காப்பகங்கள் நடத்தினார்கள். அவற்றுக்கு 'ஆஞ்சல்' என்று பெயர். முந்தானை என்று அர்த்தம். நீரில் மூழ்கிச் சாகும் பிள்ளைகளின் தொகை அதனால் வெகுவாகக் குறைந்தது. பக்கத்துக் கர்நாடகம் 2023-ல் கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனே' என்று தொடங்கியது. குழந்தை வீடு என்று அர்த்தம். கூலி வேலைக்குப் போகும் தாய்மாரின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகவே அது. காவிரித் தண்ணீருக்காக அவர்களோடு வழக்காடிக்கொண்டே இருக்கிறோம். இந்த நல்ல யோசனையைக் கேட்க வழக்கு வேண்டியதில்லை. நடுவர் மன்றமும் வேண்டியதில்லை!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நெல் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் நம் கும்பகோணத்தில் பிறந்தவர். அவருடைய மனைவி மீனா சுவாமிநாதன் தலைமையில் பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த குழு 1972-ல் அறிக்கை கொடுத்தது. 1975-ல் அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் நெல்லைப் பார்த்தார். ஒருவர் குழந்தையைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது இனி நம் கடமை.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கிராம சபையில் தூர் வாரும் கணக்கைப் பேசும்போது இதையும் பேசுங்கள். உங்கள் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை? அவர்களில் எத்தனை பேரின் தாய்மார் வயலுக்குப் போகிறார்கள்? எண்ணி எழுதித் தீர்மானம் போடுங்கள்.

நாற்றைக்கூட நாம் நாற்றங்காலில் காவல் வைத்து வளர்க்கிறோம். மாடு மேயாமல் வேலி கட்டுகிறோம். பிள்ளைக்கு அந்தக் காவலாவது வேண்டாமா?